பெருங்குடல் புண் உள்ளவர்கள் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கோப் போட வேண்டும்?



வயிற்றுக்கடுப்பு, மூலம், உடம்புச் சூடு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் தொல்லைகளுக்குள்ளே சில சமயம் ஒரு நீண்டகால நோய் ஒளிந்திருப்பதுண்டு. பெருங்குடல் புண் அழற்சி அப்படிப்பட்ட ஒன்று. டாக்டர்கள் இதை 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்பார்கள். இந்த நோய் கண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "ஒருதடவை கேமரா விட்டுப் பார்த்தாச்சு. மருந்தும் சாப்பிடுறேன். இப்போ நல்லாத்தானே இருக்கேன்? மறுபடியும் எதுக்கு ஸ்கோப்பு? எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை போடணும்?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு ஆகும், முதல் நாள் பட்டினி கிடக்க வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும். இவ்வளவையும் செய்வதென்றால் காரணம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. சிலருக்கு வருஷா வருஷம். சிலருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. சிலருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. சிலருக்கு இந்தத் தொடர் சோதனையே தேவையில்லை. நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது உங்கள் உரிமை.

இது என்ன நோய்?

நம் வயிற்றுக்குள்ளே பெருங்குடல் ஏறக்குறைய ஐந்து அடி நீளம் இருக்கிறது. அதன் உட்தோல் சிவந்து, வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசிவதுதான் இந்த நோய். ஆசனவாய்க்குப் பக்கத்தில் மலக்குடலில் தொடங்கும். சிலருக்கு அங்கேயே நின்றுவிடும். சிலருக்கு இடது பக்கம் வரை ஏறும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதும் பரவிவிடும். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது மிக முக்கியம். ஸ்கோப் கணக்கே பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

மலத்தோடு ரத்தமும் சளியும் போவது, அடிக்கடி அவசரமாக ஓட வேண்டியிருப்பது, அடிவயிறு கடுப்பது, உடம்பு இளைப்பது, ரத்தம் குறைந்து மூச்சு வாங்குவது ஆகியவை அறிகுறிகள். சில மாதம் வாட்டும், பிறகு அடங்கும், மறுபடி கிளம்பும். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859ஆம் ஆண்டிலேயே இதைத் தனி நோயாக எழுதி வைத்தார். ஆனாலும் இது ஏன் வருகிறது என்று முழுமையாக இன்றும் தெரியவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது என்பது தெரியும். காரமாகச் சாப்பிட்டதால் வந்ததல்ல. செய்த பாவத்தால் வந்ததும் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை. தட்டை ஒதுக்கி வைக்கிற வேலை எந்த வீட்டிலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் போவதெல்லாம் இந்த நோய் ஆகிவிடாது. நம் நாட்டில் அமீபா சீதபேதி, குடல் காசநோய் போன்றவையும் இதே போல வேஷம் போடும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் மலத்தைச் சோதித்து, பிறகு ஸ்கோப் போட்டு, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து. அமீபா இருக்கும் குடலில் ஸ்டீராய்டு மருந்து போனால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

நம்மவர்களுக்கு ஏன் இது முக்கியம்?

இது வெள்ளைக்காரர்கள் நோய் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கு மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்த நோயும் இதன் உடன்பிறப்பான குரோன் நோயும் சேர்த்து, இந்தியர்களில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 25 பேருக்கு இருந்தது. மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் ஏறக்குறைய 7 பேருக்குத்தான். அதாவது நம்மிடையே மூன்று மடங்குக்கு மேல். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் குடியேறிய தெற்காசிய மக்களிடமும் இந்த நோய் அதிகம் என்று முன்பே கண்டிருக்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். லட்சத்தில் 25 என்பது சிறிய எண்தான். ஆனால் மாதக்கணக்கில் ரத்தம் போகும் ஒரு தமிழ்த் தொழிலாளி "மூலம்தான், கருணைக்கிழங்கு சாப்பிட்டா சரியாயிடும்" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

நன்றாக இருக்கும்போது எதற்குச் சோதனை?

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அடித்தண்டு அழுகல் நோய் கண்ட மரம் வெளியே பச்சையாகத்தான் நிற்கும். மட்டை தொங்கி, அடியில் காளான் முளைத்து நமக்குத் தெரிய வரும்போது, உள்ளே அடித்தண்டில் பாதி அழுகிப் போயிருக்கும். அதற்குப் பிறகு செய்ய அதிகம் இல்லை.

குடல் புண்ணும் சிலருக்கு அப்படித்தான். வருஷக்கணக்கில் புண் வந்து ஆறி, வந்து ஆறி, அந்த இடத்தின் உயிரணுக்கள் மெல்லக் குணம் மாறத் தொடங்கும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க்கு முந்தின படி. வலி இருக்காது. ரத்தம் போகாது. சாப்பாடு இறங்கும், வேலையும் ஓடும். அந்தப் படியில் கண்டுபிடித்தால் பலருக்கு ஸ்கோப் மூலமே அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம். அறிகுறி வந்த பிறகு போனால், பெரும்பாலும் அது வளர்ந்துவிட்ட புற்றுநோயாக இருக்கும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2001இல் போட்ட கணக்குப்படி, இந்த நோய் வந்த நூறு பேரில் 10 வருஷத்தில் 2 பேருக்கும், 20 வருஷத்தில் 8 பேருக்கும், 30 வருஷத்தில் 18 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. லண்டன் செயிண்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில், ஒழுங்காக ஸ்கோப் போட்டுக் கண்காணித்து வந்த 600 பேரின் கணக்கு 2006இல் வெளிவந்தது. அங்கே 20 வருஷத்தில் நூற்றுக்கு 2.5 பேர், 30 வருஷத்தில் 7.6 பேர்.

இரண்டு கணக்கும் வெவ்வேறு மக்களைப் பற்றியவை. ஆகவே வித்தியாசம் முழுவதையும் ஸ்கோப்பின் கணக்கில் எழுத முடியாது. நல்ல மருந்துகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டும் ஒத்துச் சொல்வது ஒன்று: வருஷம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முப்பது வருஷம் ஆன பிறகும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் புற்றுநோய் வரவே இல்லை. ஆகவே பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயின் பெயர் சொன்ன நாளிலிருந்து கணக்குத் தொடங்குவதில்லை. முதன்முதலில் ரத்தம் போகத் தொடங்கிய வருஷத்திலிருந்து தொடங்குகிறது. அந்த வருஷத்திலிருந்து எட்டு வருஷம் ஆனதும், உடம்பு நன்றாக இருந்தாலும், கண்காணிப்பு ஸ்கோப் ஒன்று போட வேண்டும்.

ஐந்து வருஷம் மூலம் என்று நினைத்து வாழ்ந்துவிட்டு, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு எட்டு வருஷம் என்பது, நோயைக் கண்டுபிடித்து மூன்றே வருஷத்தில் வந்துவிடும். ஆகவே டாக்டர் கேட்கும்போது, "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். யோசித்துச் சொல்லுங்கள். பெரிய மகள் பிறந்த வருஷமா? ரப்பரை வெட்டிப்போட்டுச் செம்பனை நட்ட வருஷமா? லயத்தை விட்டு டவுனுக்கு வந்த வருஷமா? அப்படி நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 20 வயதில் நோய் வந்தவருக்கு 28 வயதிலேயே முதல் கண்காணிப்பு வந்துவிடும். "சின்ன வயசுதானே" என்று தள்ளிப் போடக் கூடாது.

இந்த எட்டு வருஷக் கணக்கு ஒரு கூட்டத்தாருக்குப் பொருந்தாது. பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் கல்லீரல் நோய் ஒன்று உண்டு. குடல் புண் உள்ளவர்களில் சிலருக்கு அது சேர்ந்தே வரும். கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, கல்லீரல் ரத்தச் சோதனையில் கோளாறு என்று தெரிய வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த நோய் தெரிந்த நாளிலிருந்தே வருஷா வருஷம் ஸ்கோப் தேவை.

ஒன்று, மூன்று, ஐந்து

எட்டாம் வருஷ ஸ்கோப்பில் என்ன தெரிகிறதோ அதை வைத்து டாக்டர் அடுத்த தவணையைச் சொல்வார். விளங்கும்படி சொல்வதற்காக, ஒரே லயத்தில் இந்த நோய் உள்ள நான்கு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் வெளிக்காட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. நோய் மலக்குடலோடு நின்றுவிட்டது. மேலே ஏறவே இல்லை. இவருக்குப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைப் போலத்தான். புண்ணுக்காக மருந்து உண்டு. தொடர் கண்காணிப்பு ஸ்கோப் தேவையில்லை. ஆனால் பிறகு நோய் மேலே ஏறினால் கணக்கு மாறும்.

இரண்டாமவருக்கு இடது பக்கம் வரை மட்டும் நோய். மருந்தில் நன்றாக அடங்கியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை. ஸ்கோப்பிலும் சதைத் துணுக்கிலும் புதுப் புண் இல்லை. இவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

மூன்றாமவர் குலை வெட்டுபவர். குடல் முழுவதும் நோய். பெரிய தொந்தரவு இல்லை என்றாலும் உள்ளே லேசான புண் இருந்துகொண்டே இருக்கிறது. அல்லது பழைய புண் ஆறிய இடத்தில் சதைக் குமிழ்கள் நிற்கின்றன. அல்லது அவருடைய அப்பாவுக்கு 60 வயதில் குடல் புற்றுநோய் வந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.

நான்காமவருக்கு ஆபத்து அதிகம். குடல் முழுவதும் கடுமையான புண், அல்லது குடல் ஓரிடத்தில் சுருங்கியிருப்பது, அல்லது கடந்த ஐந்து வருஷத்துக்குள் உயிரணு மாற்றம் கண்டது, அல்லது மேலே சொன்ன பித்தக் குழாய் நோய், அல்லது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 50 வயதுக்கு முன்பே குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் வருஷா வருஷம் ஸ்கோப் போட வேண்டும்.

பாருங்கள், நோயின் பெயர் ஒன்றுதான். ஆனால் நான்கு பேருக்கும் நான்கு கணக்கு. "அவருக்கு அஞ்சு வருஷம்தான் சொன்னாங்க, எனக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம்?" என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. அதே போல, ஐந்து வருஷம் சொன்னவர் பயந்துபோய் காசு கொடுத்து வருஷா வருஷம் போட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்கோப்புக்குப் பிறகும் கணக்கு மறுபடி பார்க்கப்படும். மூன்று ஐந்தாகலாம், ஐந்து ஒன்றாகலாம். ஆகவே அறையை விட்டு வெளியே வருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், எனக்கு அடுத்த ஸ்கோப் எந்த வருஷம்? ஏன்?"

எப்போது போட வேண்டும், எப்போது கூடாது?

கண்காணிப்பு ஸ்கோப்பை நோய் அடங்கியிருக்கும்போதுதான் போட வேண்டும். புண் பொங்கிச் சிவந்திருக்கும்போது உயிரணு மாற்றம் எது, வெறும் புண் எது என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். நோய் கடுமையாக இருக்கும்போது குடல் மெலிந்திருக்கும். முழுக் குழாயையும் விடுவது ஆபத்து. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் ரத்தத்தோடு போய், காய்ச்சலும் படபடப்பும் இருந்தால், அது ஸ்கோப் தவணைக்குக் காத்திருக்கும் நேரமல்ல. உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நேரம். கர்ப்பிணித் தாய்மார்களுக்குக் கண்காணிப்பு ஸ்கோப்பைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளி வைப்பது வழக்கம்.

குடலைச் சுத்தம் செய்வது பாதி வேலை

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. பட்ட பாடெல்லாம் வீணாகி, சீக்கிரமே மறுபடியும் வரச் சொல்வார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காகிதத்தில் உள்ளபடி செய்யுங்கள். பொதுவாகச் சொல்வது இது:

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கொய்யா, கச்சான், பருப்பு வகை, விதையுள்ள பழங்களை நிறுத்துங்கள். வெள்ளைச் சோறு, மீன், முட்டை, வெள்ளை ரொட்டி சாப்பிடலாம். முதல் நாள் தெளிந்த தண்ணீர் வகை மட்டும்: பால் விடாத தேத்தண்ணி, கோப்பி ஓ, வடிகட்டிய சூப். சிவப்பு நிறச் சிராப், பாண்டோங் இரண்டும் கூடாது. உள்ளே அந்த நிறம் ரத்தம் போலத் தெரியும்.

பேதி மருந்தை இரண்டு பங்காக, முதல் நாள் மாலையிலும் மறுநாள் விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அளவு அதிகம்தான்; குமட்டும். குளிர வைத்து, மெதுவாக, ஒவ்வொரு கிளாஸாகக் குடித்தால் இறங்கும். இரண்டாம் பங்கை விட்டுவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் வேறு பேதி மருந்தை மாற்றிக் குடிக்காதீர்கள். பாஸ்பேட் உப்புக் கலந்த சில மருந்துகள் குடலில் புண் போன்ற தடங்களை உண்டாக்கி டாக்டரையே ஏமாற்றும்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; மலம் கறுத்து ஒட்டிக்கொள்ளும். இனிப்பு நீர் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். பட்டினி நாளில் வழக்கம் போல இன்சுலின் போட்டு மயங்கி விழுந்துவிடக் கூடாது. குடல் புண்ணுக்கான மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

விரல் பருமனுள்ள, வளையக் கூடிய குழாயின் முனையில் கேமரா இருக்கும். தூக்க மருந்து ஊசி போட்டு, ஆசனவாய் வழியாக மெல்ல விடுவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வயிறு காற்றடைத்தது போல இருக்கும். அது தானே போய்விடும். பெண்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப் போட வேண்டாம். மறைப்புத் துணி தருவார்கள். பெண் தாதி கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

சில ஆஸ்பத்திரிகளில் நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பார்கள். அவுரியின் நீலத்திலிருந்து வந்த சாயம் அது. பால்வெட்டுப் பட்டையில் மழை ஈரம் பட்டதும் பழைய காயத் தழும்புகள் எடுத்துக் காட்டுவது போல, சாயம் பட்டதும் மேடு பள்ளமான இடங்கள் பளிச்சென்று தெரியும். அந்த இடங்களில் மட்டும் சதைத் துணுக்கு எடுப்பார்கள். சாயம் இல்லாத இடத்தில், பத்து சென்டிமீட்டருக்கு நான்கு என்ற கணக்கில் குடல் நெடுக முப்பதுக்கு மேல் துணுக்குகள் எடுப்பதுண்டு. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஒவ்வொன்றும் மிகச் சிறியது, வலி தெரியாது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, ஆனால் அபூர்வம். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நடக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு கல்லாகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். அன்று முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. உளி, அரிவாள் தொடக் கூடாது. தூக்க மருந்து தெளிந்தது போலத் தோன்றும், ஆனால் தெளிந்திருக்காது.

முடிவு வந்த பிறகு

துணுக்குகளின் முடிவு வரச் சில வாரம் ஆகும். முடிவைக் கேட்கப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. "ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்" என்று நினைக்கிறார்கள். அது தவறு. போய்க் கேளுங்கள்.

மாற்றம் எதுவும் இல்லையென்றால் அடுத்த தவணைதான். கண்ணுக்குத் தெரியும் குமிழில் உயிரணு மாற்றம் இருந்து அதை முழுவதுமாக எடுத்துவிட்டால், சில மாதத்தில் ஒருமுறை, பிறகு வருஷா வருஷம் பார்ப்பார்கள். கடுமையான மாற்றம் கண்டு, அதை ஸ்கோப்பில் எடுக்க முடியாவிட்டால், பெருங்குடலை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கேட்கவே நெஞ்சு பதறும். ஆனால் பெருங்குடல் இல்லாமல் மனிதன் வாழ முடியும், வேலை செய்ய முடியும், பிள்ளை பெற முடியும். சிறுகுடலையே பை போலத் தைத்து, வழக்கமான வழியிலேயே மலம் போகச் செய்யும் முறையை 1978இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது என்றாலும், வழி இருக்கிறது.

மருந்தும் ஸ்கோப்பும் இரட்டை மாடு

ஸ்கோப் பார்த்துச் சொல்லும், புண்ணை ஆற்றாது. ஆற்றுவது மருந்துதான். சல்பாசலசின் என்ற பழைய மருந்தை சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வலிக்காக உருவாக்கி, 1940களில் குடல் புண்ணுக்கும் பயன்படுவதைக் கண்டார். அதன் வழி வந்ததே இன்றைய மெசலசின். நோய் அடங்கிய பிறகும் தொடர்ந்து சாப்பிட்டால்தான் அது மறுபடி கிளம்பாமல் தடுக்கும். "நல்லாயிடுச்சு" என்று நிறுத்தினால் புண் திரும்பும். திரும்பத் திரும்ப வரும் புண்தான் உயிரணு மாற்றத்துக்கு வித்து. சல்பாசலசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயம் வேண்டாம். ஜி6பிடி குறை உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதுகு வலி, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டிக்லோபினாக், ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளப்பிவிடக் கூடும். பாரசிட்டமால் கேட்டு வாங்குங்கள். சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். உங்களைத் திட்ட அல்ல, கணக்குப் பார்க்கத்தான் கேட்கிறார்.

சம்பளமும் விடுப்பும்

வேலைச் சட்டம் 1955, பிரிவு 60எப், சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பைத் தருகிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குக் குறைவானவருக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி இந்த 60 நாள் தனிக் கணக்கு. மற்ற விடுப்பில் கழிக்கக் கூடாது.

ஆனால் சட்டம் உங்களிடமும் ஒன்று கேட்கிறது. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவணைக் காகிதம் கிடைத்த அன்றே ஆபீசில் கிராணியிடம் காட்டிவிடுங்கள். நிர்வாகம் நியமித்த டாக்டர் இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். சம்பளம் பிடித்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் காகிதங்களோடு வாருங்கள். காகிதம் இல்லாத வழக்கு கை இல்லாத சட்டை.

கெலுகோர் தோழர்களுக்கும் பாலம் தாண்டி வருபவர்களுக்கும்

கெலுகோர் என்ற பெயரே அசாம் கெலுகோர் மரத்திலிருந்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டமாக இருந்த இந்த மண்ணில் இன்று பல்கலைக்கழகமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. 1985இல் திறந்த பினாங்குப் பாலம் பிறை பக்கத்திலிருந்து வந்து இறங்குவதும் இங்கேதான். செபராங் பிறை தோட்டங்களிலிருந்து ஜோர்ஜ் டவுன் ரெசிடென்சி சாலையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்குக் கெலுகோர்தான் தீவின் வாசல்.

தோட்டத்தை விட்டு வந்து இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் ஒரு குறை காண்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு லயம் காலியானபோது, தட்டுமுட்டுச் சாமான் வந்தது. மருத்துவக் காகிதம் வரவில்லை. எந்த வருஷம் நோய் வந்தது, எவ்வளவு தூரம் ஏறியிருந்தது, கடைசி ஸ்கோப்பில் என்ன இருந்தது என்ற விவரம் இல்லாமல், புது டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இடம் மாறும்போது ஸ்கோப் முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதத்தோடு நிபுணரிடம் போனால் ஐந்து வெள்ளி. ஸ்கோப்புக்குத் தவணை தள்ளிக் கிடைக்கலாம். ஆகவே தவணை வருஷம் வருமுன்பே கேட்டு வையுங்கள். குறித்த நாளுக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றுங்கள். பேசாமல் விட்டுவிட்டால் வரிசையில் மறுபடி கடைசிதான்.

சில கேள்விகள்

"கிளினிக்கில் மலத்தில் ரத்தம் பார்க்கும் சோதனை செய்கிறார்களே, அது போதாதா?" போதாது. அது 50 வயதுக்கு மேற்பட்ட, எந்தத் தொந்தரவும் இல்லாத பொது மக்களுக்கானது. புண் உள்ளவர் குடலில் புண்ணாலேயே ரத்தம் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"பத்து வருஷமா ஒரு தொந்தரவும் இல்லே. அப்படியும் போகணுமா?" மலக்குடலுக்கு மேலே ஏறிய நோய் என்றால் போக வேண்டும். தொந்தரவு இல்லாதபோது போவதுதான் இந்தச் சோதனையின் நோக்கமே.

"என் பிள்ளைக்கும் வருமா?" ஆபத்து கொஞ்சம் அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ரத்தம் போனால் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள், அது போதும்.

நினைவில் வைக்க

முதல் அறிகுறி வந்த வருஷத்தை எழுதி வையுங்கள். அதோடு எட்டைக் கூட்டுங்கள். அந்த வருஷத்தில் ஸ்கோப் கேளுங்கள். பிறகு ஒன்றா, மூன்றா, ஐந்தா என்று டாக்டரிடம் கேட்டு, அந்த வருஷத்தையும் எழுதுங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள். காகிதத்தைத் தொலைக்காதீர்கள்.

தோழர்களே, தினம் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நிற்கிற நாம், மரத்துக்கு நோய் வந்தால் உடனே குறி போட்டு வைக்கிறோம். நம் உடம்புக்கும் ஒரு குறி போட்டு வைப்போம். இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டு வரிசையிலேயே இருக்கலாம்.